அறிவியலாளர்மீதான அவநம்பிக்கையை எப்படி அளப்பது? எட்டு வாக்கியங்களின் கதை

"சந்தேகம் வந்தால் அறிவியலாளர்களின் கணிப்பைவிடச் சாதாரண மக்களின் வாழ்க்கை அனுபவத்தையே நம்ப வேண்டும்." 2019-இல் சுவிட்சர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தொலைபேசியில் இந்த வாக்கியத்தைச் சொல்லி, எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள் என்பதை 1 முதல் 5 வரை ஓர் எண்ணாகச் சொல்லும்படி கேட்டார்கள். துளியும் ஏற்கவில்லை என்றால் 1, முழுமையாக ஏற்றால் 5. இதுபோல மொத்தம் எட்டு வாக்கியங்கள். சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் மேடே, மைக் ஷேஃபர், டோபியாஸ் ஃபுக்ஸ்லின் ஆகிய மூவர் உருவாக்கிய இந்தச் சிறிய கேள்விப் பட்டியலுக்கு 'சைபாப் (SciPop) அளவுகோல்' என்று பெயர். அறிவியலை நோக்கிய வெகுஜனவாத (பாப்புலிச) மனப்பான்மை, அதாவது நல்ல மக்கள் ஒருபுறம், கெட்ட அறிவியல் மேட்டுக்குடி மறுபுறம் என்று பார்க்கும் மனப்பான்மை, ஒரு சமூகத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை எண்ணாக்கிக் காட்டுவது இதன் வேலை.

இப்படி ஓர் அளவுகோல் எதற்காகத் தேவைப்பட்டது? அறிவியலின்மீது மக்களுக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்கும் கருத்துக் கணிப்புகள் பல பத்தாண்டுகளாக நடந்து வருகின்றன. வெகுஜனவாதத்தை அளக்கும் கேள்விகளும் தனியாக இருந்தன. ஊழல் அரசியல்வாதிகள் ஒருபுறம், நேர்மையான மக்கள் மறுபுறம் என்று உலகை இரண்டாகப் பிளந்து பார்க்கும் மனநிலையைப் பற்றி அரசியல் ஆய்வாளர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே பிளவில் அரசியல்வாதியின் இடத்தில் பேராசிரியரை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை யாரும் ஒழுங்காக அளக்கவில்லை. அதன் தேவையோ கூடிக்கொண்டே போனது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரிட்டனில் நடந்த பிரெக்சிட் வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பு, 2016 ஜூனில், பிரிட்டனின் அமைச்சராக இருந்த மைக்கேல் கோவ் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், இந்த நாட்டு மக்களுக்கு நிபுணர்கள் போதும் போதும் என்றாகிவிட்டது என்ற பொருளில் பேசினார். அவர் அன்று குறிவைத்தது பொருளாதார அமைப்புகளின் நிபுணர்களை. ஆனாலும் அந்தப் பேச்சு எல்லாத் துறை நிபுணர்களுக்கும் பொருந்துவதாக உலகமெங்கும் பரவியது. தட்பவெப்ப மாற்றம், தடுப்பூசி, மரபணு மாற்றுப் பயிர் என எந்த விவாதத்தை எடுத்தாலும், "அவர்கள் யார் நமக்குச் சொல்வதற்கு?" என்ற குரலை இன்று கேட்கலாம்.

அந்தக் குரலில் நான்கு வேறுபட்ட எண்ணங்கள் கலந்திருக்கின்றன என்று மேடேயும் ஷேஃபரும் 2020-இல் வெளியிட்ட கட்டுரையில் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது, சாதாரண மக்கள் நல்லவர்கள், நேர்மையானவர்கள், இயல்பறிவைக் கொண்டு வாழ்பவர்கள் என்ற எண்ணம். இரண்டாவது, அறிவியலாளர்கள் தங்கள் லாபத்தையே பார்ப்பவர்கள், அரசியலோடும் வணிகத்தோடும் கைகோத்தவர்கள் என்ற எண்ணம். மூன்றாவது, எதை ஆராய்வது என்று முடிவெடுப்பதில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை. நான்காவதுதான் மிகவும் கனமானது: எது உண்மை என்று சொல்லும் உரிமையே மக்களின் இயல்பறிவுக்குத்தான் உண்டு, ஆய்வுகளுக்கு இல்லை என்ற கோரிக்கை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியங்கள், ஆக எட்டு.

இதை வாசிக்கும்போதே ஒரு நெருடல் வரும், வரவும் வேண்டும். இந்த நான்கில் மூன்று எண்ணங்கள் தனித்தனியாகப் பார்த்தால் குற்றமானவை இல்லை. மக்கள் நல்லவர்கள் என்று நினைப்பதில் என்ன தவறு? புகையிலை நிறுவனங்களின் பணத்தில் ஆய்வு செய்தவர்கள் இருந்தார்கள் என்பது வரலாறு. ஆகவே ஓர் ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அறிவியலின் எதிரி ஆகிவிட மாட்டார். வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் தனக்கும் ஒரு குரல் வேண்டும் என்பது குடிமக்களின் நியாயமான எதிர்பார்ப்பு. அப்படியானால் இந்த அளவுகோல் கேள்வி கேட்கும் குடிமக்களையெல்லாம் பிடித்து, அறிவியல் விரோதிகள் என்று முத்திரை குத்திவிடாதா?

அதற்கான பதில் கேள்விகளில் இல்லை, கூட்டும் முறையில் இருக்கிறது. வழக்கமான கருத்துக் கணிப்புகளில் எல்லா விடைகளையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடுவார்கள். சைபாப் அளவுகோலை வகுத்தவர்கள் அந்த வழியில் போகவில்லை. கேரி கோர்ட்ஸ் என்ற அமெரிக்க அரசியல் அறிஞரின் பெயரால் வழங்கும் முறையை எடுத்துக்கொண்டார்கள்: நான்கு பிரிவுகளுக்கும் தனித்தனியே சராசரி கண்டு, அவற்றில் எது மிகக் குறைவோ அதையே அந்த நபரின் மதிப்பெண்ணாக வைப்பது. வங்கி லாக்கரைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தே தேவைப்படும். ஒரே சாவியை எத்தனை பலமாகத் திருகினாலும் கதவு திறக்காது. இங்கே சாவிகள் நான்கு.

எண்களை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர், மக்கள் நல்லவர்கள் என்பதற்கு 5, அறிவியலாளர்கள் சுயநலமிகள் என்பதற்கு 1.5, ஆய்வில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்பதற்கு 5, இயல்பறிவே மேல் என்பதற்கு 4.5 பெறுகிறார். சராசரி 4. இரண்டாமவர் அதே வரிசையில் 3.5, 3.5, 4, 3.5 பெறுகிறார். சராசரி சுமார் 3.6. சராசரிக் கணக்கின்படி முதலாமவரே பெரிய வெகுஜனவாதி. குறைந்தபட்சக் கணக்கிலோ முதலாமவருக்கு 1.5, இரண்டாமவருக்கு 3.5. அறிவியலாளர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்காத ஒருவரிடம், மக்களுக்கும் மேட்டுக்குடிக்கும் இடையிலான போர் என்ற கதையே இல்லை. கதை இல்லாதபோது வெகுஜனவாதம் ஏது? அரசியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் வுட்கேயும் அவருடைய சகாக்களும் 2020-இல், அரசியல் வெகுஜனவாதத்தை அளந்த பல ஆய்வுகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சராசரி எடுத்ததால் தவறான ஆட்களை எண்ணியிருக்கக்கூடும் என்று வாதிட்டார்கள். என் பார்வையில் இந்தத் துறையில் கடந்த பத்தாண்டுகளில் நடந்த மிக முக்கியமான விவாதம் அதுதான். ஒரு நாட்டில் இத்தனை சதவீதம் பேர் அறிவியலுக்கு எதிரானவர்கள் என்று செய்தி வரும்போது, அந்த எண் எந்தக் கணக்கில் வந்தது என்பதைப் பொறுத்து லட்சக்கணக்கானவர்கள் உள்ளே வரலாம் அல்லது வெளியே போகலாம்.

குறைந்தபட்சக் கணக்குக்கும் விலை உண்டு. ஒருவருடைய மதிப்பெண் முழுவதும் கடைசியில் இரண்டே வாக்கியங்களைச் சார்ந்து நிற்கிறது. அந்த இரண்டில் ஒன்றைத் தொலைபேசியில் சரியாகக் காதில் வாங்காமல் 2 என்று சொல்லிவிட்டால், மற்ற ஆறு விடைகளும் அந்தப் பிழையைத் திருத்த முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எட்டு வாக்கியங்களும் ஒரே திசையில் எழுதப்பட்டவை. எதற்கு ஆமாம் போட்டாலும் அது வெகுஜனவாதக் கணக்கில் ஏறும். எதைக் கேட்டாலும் தலையாட்டும் பழக்கம் எல்லா நாடுகளிலும் சிலருக்கு உண்டு. சில சமூகங்களில், கேட்பவர் படித்தவராகத் தெரிந்தால் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். நாடுகளுக்கு இடையே எண்களை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

அளவுகோல் பிறந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். ஆய்வில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்பது சுவிட்சர்லாந்தில் வெறும் மனப்பான்மையாக நின்றுவிடவில்லை; அரசியலமைப்பே அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. 1998 ஜூனில் மரபணு மாற்று விலங்குகளுக்குத் தடை கோரும் முன்மொழிவு நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு வந்தது. தங்கள் ஆய்வகங்கள் முடங்கிவிடும் என்று அஞ்சிய விஞ்ஞானிகள் வீதியில் இறங்கிப் பிரசாரம் செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அந்தத் தடையை நிராகரித்தார்கள். 2005 நவம்பரில் விவசாயத்தில் மரபணு மாற்றுப் பயிர்களுக்கு ஐந்தாண்டு இடைக்காலத் தடை வேண்டுமா என்ற கேள்வி வந்தபோது 55.7 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். 2022 பிப்ரவரியில் விலங்குகள்மீதும் மனிதர்கள்மீதும் சோதனை நடத்துவதை முற்றாகத் தடைசெய்யும் யோசனையை 79 சதவீதம் பேர் தள்ளினார்கள். ஒரே மக்கள்தான், மருத்துவ ஆராய்ச்சிக்கு இரண்டு முறை வழிவிட்டார்கள், வயலில் மரபணு மாற்றத்துக்கு ஒரு முறை கதவைச் சாத்தினார்கள். அத்தகைய நாட்டில் ஒருவர், ஆய்வாளர்களின் வேலையில் மக்களுக்குச் செல்வாக்கு இருக்க வேண்டும் என்ற வாக்கியத்துக்கு 5 கொடுத்தால், அவர் தன் நாட்டின் நடைமுறையைச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். இதே 5, மக்களிடம் எதையும் கேட்காமலே திட்டங்கள் வந்திறங்கும் ஒரு நாட்டில் வேறொரு பொருளைத் தரும்.

இந்த அளவுகோலுக்கு நான் வைக்கும் கடினமான சோதனை சுவிட்சர்லாந்தில் இல்லை, வட இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதியில் இருக்கிறது. 1986 ஏப்ரல் இறுதியில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே மாதத் தொடக்கத்தில் பெய்த கனமழை கதிரியக்க சீசியத்தைக் கம்ப்ரியாவின் மேய்ச்சல் நிலங்களில் இறக்கியது. பயப்பட ஒன்றுமில்லை என்று முதலில் சொன்ன அரசு, ஜூன் 20 அன்று ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை விதித்தது. மூன்று வாரங்களில் எல்லாம் சரியாகிவிடும் என்று நிபுணர்கள் உறுதி சொன்னார்கள். அவர்களின் கணக்கு சமவெளிக் களிமண்ணை வைத்துப் போடப்பட்டது. களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புல்லுக்கு ஏற விடாது. மலையில் இருப்பதோ மக்கிய தாவரங்களால் ஆன அமில மண். அங்கே சீசியம் மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும், திரும்ப மண்ணுக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று வாரத் தடையின் கடைசி மிச்சம் நீங்கியது 2012-இல்தான்.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் பிரையன் வின் அந்த ஆடு வளர்ப்பவர்களிடம் நீண்ட நேரம் பேசி எழுதினார். அவர் பதிவு செய்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சீசியத்தைக் கட்டுப்படுத்த பென்டோனைட் என்ற களிமண் வகையை நிலத்தில் தூவிப் பார்க்க விஞ்ஞானிகள் ஒரு சோதனை வைத்தார்கள். சிறு சிறு நிலத்துண்டுகளை வேலியடைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் தூவி, ஆடுகளை உள்ளே விட்டார்கள். மலையில் திறந்தவெளியில் மேய்ந்து பழகிய ஆடுகளை அடைத்துப் போட்டால் இளைத்துப்போகும், உங்கள் அளவீடு எதற்கும் உதவாது என்று ஆடு வளர்ப்பவர்கள் எடுத்துச் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில மாதங்களில் அந்தச் சோதனை கைவிடப்பட்டது, அவர்கள் சொன்ன அதே காரணத்துக்காக. ஆடுகளுக்கு வைக்கோல் போடலாமே என்று ஆலோசனை சொன்ன நிபுணரும் இருந்தார். மலை ஆடு வைக்கோலைத் திரும்பியும் பார்க்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பக்கத்திலேயே செல்லாஃபீல்ட் அணு நிலையம் இருந்தது; 1957-இல் அங்கே நடந்த தீவிபத்து அவர்களின் நினைவில் இருந்தது. உண்மையில் இந்தக் கதிரியக்கம் செர்னோபிலிலிருந்து வந்ததுதானா என்ற சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை.

1988 வாக்கில் அந்த மனிதர்களிடம் எட்டு வாக்கியங்களைக் கேட்டிருந்தால்? சந்தேகம் வந்தால் அனுபவத்தை நம்ப வேண்டுமா என்பதற்கு 5 கொடுத்திருப்பார்கள். அறிவியலாளர்கள் அரசோடு கைகோத்தவர்களா என்பதற்கும் உயர்ந்த எண்தான் வந்திருக்கும். தங்களிடமும் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தே இருந்திருக்காது. சராசரிக் கணக்கு அவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுஜனவாதிகள் பட்டியலில் சேர்த்திருக்கும். குறைந்தபட்சக் கணக்கு அவர்களைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு: வந்த விஞ்ஞானிகளுக்கு ஆட்டைப் பற்றித் தெரியவில்லை என்பதே அவர்களின் முதன்மையான புகார்; ஒரு துறையின் அறியாமையைச் சுட்டுவதும் அந்தத் துறையினர் அனைவரும் தன்னலக்காரர்கள் என்று தீர்ப்பு எழுதுவதும் வேறு வேறு. ஆனாலும் இது வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. ஒருவர் 5 சொல்வது, நேரில் பட்ட அனுபவத்திலிருந்தா, கேட்டுக்கேட்டு ஊறிய வெறுப்பிலிருந்தா என்பதை எந்த எண்ணும் தனியாகக் காட்டாது. எட்டு கேள்விக்குப் பக்கத்தில், உங்களுக்கோ உங்கள் ஊருக்கோ நிபுணர்களோடு நேர்ந்த அனுபவம் என்ன என்ற ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கொரோனா காலம் இந்த அளவுகோலுக்குக் கிடைத்த எதிர்பாராத சோதனைக்களம். 2019-இல் கேள்விகளுக்கு விடை சொன்ன சுவிஸ் மக்களில் ஒரு பகுதியினரை, தொற்று பரவிய பிறகு 2020 நவம்பரில் மறுபடியும் கேட்டார்கள். முகக்கவசம், ஊரடங்கு, தினமும் தொலைக்காட்சியில் தோன்றிய வைரஸ் நிபுணர்கள் என்று எல்லாவற்றுக்கும் எதிர்ப்பு கிளம்பிய காலம் அது. ஆகவே வெகுஜனவாதம் ஏறியிருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்போம். இறங்கியிருந்தது. ஜெர்மனியிலும் இதையொத்த போக்கு தெரிந்தது: அறிவியலையும் ஆராய்ச்சியையும் நம்புகிறேன் என்றவர்கள் 2019-இல் 46 சதவீதம், 2020 ஏப்ரலில் 73 சதவீதம், அதே ஆண்டு நவம்பரில் 60 சதவீதம். ஆபத்து வாசலுக்கு வந்தபோது பெரும்பாலானவர்கள் ஆய்வகத்தைத்தான் பார்த்தார்கள்.

ஆனால் இதே காலத்தின் இன்னொரு கணக்கையும் அருகில் வைக்க வேண்டும். ஊடகங்களில் கொரோனா பற்றிப் பேசிய 321 அறிவியலாளர்களிடம் நேச்சர் இதழ் 2021-இல் கேட்டபோது, 15 சதவீதம் பேர் தங்களுக்குக் கொலை மிரட்டல் வந்ததாகச் சொன்னார்கள். பெல்ஜியத்தில் வைரஸ் நிபுணர் மார்க் வான் ரான்ஸ்ட்டைக் கொல்லப் போவதாக ஆயுதங்களோடு தலைமறைவான ஒரு ராணுவ வீரரால், அவர் குடும்பத்தோடு வாரக்கணக்கில் ரகசிய இடத்தில் தங்க நேர்ந்தது. வெகுஜனவாதத்தின் சராசரி இறங்கியிருந்த அதே கொரோனா காலத்தில் சிறுபான்மையின் வெறுப்பு கூர்மையாகிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் என்பதைச் சொல்லும் கருவி, அவர்களில் ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்பதைச் சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால், ஒன்று வீண் பீதி, இல்லையென்றால் ஆபத்தான அலட்சியம்.

அளவுகோல் பிறகு உலகம் சுற்றியது. விக்டோரியா கொலோக்னாவும் நீல்ஸ் மேடேயும் தலைமையேற்று 2022 நவம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 68 நாடுகளில் அறிவியலாளர்கள்மீதான நம்பிக்கை பற்றி நடத்திய கணிப்பில் 71,922 பேர் கலந்துகொண்டார்கள். முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. 5-க்கு 3.62 என்பது உலகச் சராசரி நம்பிக்கை. நம்பிக்கை பொதுவாகக் குறைவாக உள்ள நாடு என்று எதுவும் இல்லை. வெகுஜனவாத மனப்பான்மை அதிகம் உள்ளவர்களிடம் நம்பிக்கை குறைவாக இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். என்னை நிறுத்திய எண் வேறு. அறிவியலாளர்கள் திறமையானவர்கள் என்று 78 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களின் கருத்துக்குக் காது கொடுக்கிறார்கள் என்று சொன்னவர்கள் 42 சதவீதம் மட்டும். அறிவில் குறை காணவில்லை, கேட்கும் பழக்கத்தில் குறை காண்கிறார்கள். கம்ப்ரியாவின் ஆடு வளர்ப்பவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன் சொன்னதும் இதுதான். மக்கள் பங்கு கேட்பதை வெகுஜனவாதத்தின் அறிகுறியாக மட்டும் படித்தால் இந்த 42 எதனால் வந்தது என்பது விளங்காது.

அந்தக் கணிப்பில் எகிப்துக்கு அடுத்து மிக உயர்ந்த நம்பிக்கை பதிவான நாடு இந்தியா. பெருமைப்படலாம்தான், ஆனால் எண் வந்த வழியையும் பார்க்க வேண்டும். இணையம் வழியாக நடந்த கணிப்பு இது; இணையத்தில் கேள்வித்தாள் நிரப்பும் இந்தியர் நாட்டின் முழு முகம் இல்லை. வயது, பாலினம், கல்வி ஆகியவற்றுக்கு ஏற்ப எடை கொடுத்துச் சரிசெய்தாலும், கணிப்புக்கே வராதவர்களின் மனத்தை எடை போட முடியாது.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, எதையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுற்றுவட்டாரத்தில் எதிர்ப்பு வளர்ந்தது, வழக்குகள் நடந்தன, 2022-இல் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொன்னது. திட்டத்தை முன்வைத்த இயற்பியலாளர்களுக்கு இது பேரிழப்பு; நியூட்ரினோவால் யாருக்கும் கெடுதல் வராது என்று அவர்கள் சொன்னதும் சரிதான். எதிர்த்தவர்கள் எல்லோரையும் அறிவியல் வெறுப்பாளர்கள் என்று சொல்ல முடியுமா? நிலத்தடி நீர், பாறையில் வைக்கும் வெடி, அணைகள், காடு என்று அவர்களின் வாதங்களில் பெரும்பகுதி அறிவியலின் மொழியிலேயே இருந்தது. சில வாதங்கள் ஆதாரம் இல்லாதவை, சில வாதங்கள் பதில் சொல்லப்பட வேண்டியவை. சைபாப் கணக்கில், ஆய்வில் பங்கு கேட்கும் மூன்றாவது பிரிவில் அவர்கள் மிக உயர்ந்த எண் பெறுவார்கள், அறிவியலாளர்கள் சுயநலமிகள் என்ற இரண்டாவதில் பலர் பெறுவார்கள். நான்காவதில்? ஆய்வைவிட இயல்பறிவே மேல் என்பவர் வேறு, வேறோர் ஆய்வாளரை அழைத்து வந்து பேச வைப்பவர் வேறு.

தமிழில் இப்படி ஒரு கணிப்பை நடத்தப் போகிறவர், 'அறிவியலாளர்' என்ற பொதுப்பெயரோடு நிற்கக் கூடாது. ஊர் மருத்துவரை நம்புகிற விவசாயி, பூச்சிமருந்து பரிந்துரைக்கும் வேளாண் அதிகாரியை நம்பாமல் இருக்கலாம். இஸ்ரோவின் ராக்கெட்டுக்குக் கைதட்டுகிறவர் கூடங்குளத்து அணு விஞ்ஞானியின் உறுதிமொழியை ஏற்காமல் இருக்கலாம். இந்த நால்வரைப் பற்றியும் தனித்தனியே கேட்க வேண்டும். வாக்கியங்களில் பாதியை எதிர்த்திசையில் எழுத வேண்டும், தலையாட்டும் விடைகள் அப்போதுதான் பிடிபடும். இணையத்தை விட்டு வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். விடைகளைக் கூட்டும்போது சராசரியையும் குறைந்தபட்சத்தையும் இரண்டையும் போட்டு, இரண்டுக்கும் இடையில் விழுகிறவர்கள் யார் என்று தனியாக எண்ண வேண்டும். நிபுணரை மதித்துக்கொண்டே அவரிடம் கணக்குக் கேட்பவர்கள் அந்த இடைவெளியில்தான் இருப்பார்கள்.